மிரட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும்? மனித உரிமைக் காப்பாளர்களின் பாதுகாப்புக்கு ஓர் அறிமுகம்

மனு கொடுத்த அன்று சாயங்காலமே போன் வருகிறது. "புள்ளகுட்டிக்காரரு, எதுக்குங்க உங்களுக்கு இந்த வேல?" என்று மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். வெட்டுவேன், குத்துவேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் கேட்டவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. ஏரி மண், கல் குவாரி, சாதி வன்கொடுமை, காவல் நிலையத்தில் நடந்த அடி, கொத்தடிமை என எதைக் கையில் எடுத்தாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த போன் வரத்தான் செய்யும். அப்போது பெரும்பாலோர் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் உடனே முகநூலில் "என்னை யாரும் மிரட்ட முடியாது" என்று சவால் விடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தைக் குறைப்பதில்லை. மிரட்டல் என்பது எதிராளி தன்னைப் பற்றித் தானே கொடுத்துவிடும் தகவல். அவருக்கு எது வலிக்கிறது, உங்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும், அதை யார் சொல்லியிருக்க முடியும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அதைப் படிக்கவும் பதியவும் சரியான ஆட்களிடம் சேர்க்கவும் தெரிந்துகொள்வதே பாதுகாப்பின் முதல் பாடம்.

யார் மனித உரிமைக் காப்பாளர்?

ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று மனித உரிமைக் காப்பாளர்கள் குறித்த பிரகடனத்தை ஏற்றது. அதன்படி, தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ மனித உரிமைகளுக்காக அமைதியான வழியில் செயல்படும் யாரும் காப்பாளர்தான். அடையாள அட்டை வேண்டாம், சங்கப் பதிவு வேண்டாம், சட்டப் படிப்பும் வேண்டாம். பிரகடனத்தின் 12-ஆம் உறுப்பு, இப்படிப்பட்டவர்களை வன்முறை, மிரட்டல், பழிவாங்கல் ஆகியவற்றிலிருந்து காக்கும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. பிரகடனம் நேரடியாக நீதிமன்றத்தில் அமல்படுத்தக்கூடிய சட்டம் இல்லைதான். ஆனால் நம் நாட்டில் அந்தப் பொறுப்பு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலேயே, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையில், இருக்கிறது.

செயலை வைத்துத்தான் ஒருவர் காப்பாளர் ஆகிறார் என்பதைப் புரிந்துகொள்ள தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டை நினைத்தால் போதும். அங்கே கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தலைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்திருந்தார். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் இயக்கவாதி அல்ல, தன் வேலையைச் செய்த அரசு ஊழியர். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல் குவாரிகளை எதிர்த்துத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். 2025 ஜனவரி 17 அன்று தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது டிப்பர் லாரி மோதி இறந்தார். முதலில் விபத்தாகப் பார்க்கப்பட்ட அது பின்பு கொலை வழக்கானது, சி.பி.சி.ஐ.டி.க்கும் மாறியது. 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் குவாரியை எதிர்த்த ஒரு விவசாயியும் இதே போலத்தான் வாகனம் மோதி இறந்தார். இருசக்கர வாகனம், பழகிய சாலை, கனரக வண்டி, முதலில் "விபத்து" என்ற பெயர். குவாரி, மணல் விவகாரங்களில் இறங்குகிறவர்கள் இந்த வடிவத்தை மனதில் வைத்தே தங்கள் அன்றாடத்தைத் திட்டமிட வேண்டும்.

ஆபத்தை எடைபோடுவது

காப்பாளர் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஒரு எளிய கணக்கு சொல்லித்தருவார்கள். மிரட்டலையும் பலவீனத்தையும் பெருக்கி, திறனால் வகுத்தால் ஆபத்து. எண் போட்டு விடை காண்பதற்கான கணக்கு இல்லை இது, யோசிப்பதற்கான சட்டகம். மிரட்டல் எதிராளியின் கையில் இருக்கிறது, அதை நீங்கள் நேரடியாகக் குறைக்க முடியாது. பலவீனம், எதிராளிக்கு உங்களை எளிதாக்கிக் கொடுப்பவை: தனியாகப் போவது, ஒரே பாதை, ஆவணங்களின் ஒரே பிரதி, ஊருக்கு வெளியே தெருவிளக்கு இல்லாத வீடு, குடும்பத்துக்கே தெரியாத வேலை. திறன், உங்களுக்குக் கைகொடுப்பவை: ராத்திரி பதினோரு மணிக்கும் போன் எடுக்கும் வக்கீல், பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணம், பெயர் தெரிந்த நிருபர், உங்களோடு கையெழுத்திட்ட இருபது பேர். இந்த இரண்டையும் மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

மிரட்டல் வந்ததும் உட்கார்ந்து பதில் தேட வேண்டிய கேள்விகள் ஐந்து. சரியாக என்ன நடந்தது? இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா, இடைவெளி குறைகிறதா, வேகம் கூடுகிறதா? எதை நிறுத்தச் சொல்கிறார்கள்? பின்னால் இருப்பது யார், அவருக்குச் செய்து முடிக்கும் ஆள்பலமும் பணபலமும் இருக்கிறதா? இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நிறைவேறும் வாய்ப்பு எவ்வளவு? போன் செய்தவனையே எதிராளி என்று நினைத்துவிடுவது பலர் செய்யும் பிழை. பேசுகிறவன் பெரும்பாலும் கூலிக்கு அனுப்பப்பட்டவன். அதனால், முந்தைய ஏழு நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். தகவல் உரிமை மனுவா, ஆய்வுக்கு வந்த அதிகாரியோடு இடத்தைக் காட்டப் போனதா, நீதிமன்றத்தில் சாட்சிப் பட்டியல் கொடுத்ததா? மிரட்டலின் வேர் அங்கேதான் இருக்கும்.

வாயால் வரும் எச்சரிக்கையைக் காட்டிலும் அமைதியான அறிகுறிகளுக்கு அதிகக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. வீட்டெதிரே நம்பர் பிளேட் இல்லாத பைக் நிற்பது, குழந்தையின் பள்ளி முடியும் நேரத்தைத் தெரியாத ஒருவர் கடைக்காரரிடம் விசாரிப்பது, திடீரென்று சமாதானம் பேச உறவினர் ஒருவர் வருவது. எச்சரிப்பவருக்கு உங்களை நிறுத்தினால் போதும். வேவு பார்ப்பவர் அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாகிறார். எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்து, எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்காமல் திடீரென்று நின்றுபோனால் அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனு போகும் பாதை

பலருடைய பெயர் எதிராளிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தேடினால், ஒற்றனெல்லாம் யாரும் இருப்பதில்லை. அவர்கள் கொடுத்த மனுவேதான் போய்ச் சேர்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் பெயர், முகவரி, போன் நம்பரோடு மனு கொடுக்கிறீர்கள். அது கோட்டாட்சியருக்குப் போய், வட்டாட்சியருக்குப் போய், கடைசியில் எந்த அலுவலகத்தின் மீது புகார் சொன்னீர்களோ அதே அலுவலகத்துக்கு "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு இறங்குகிறது. வழியில் எத்தனை கைகள், எத்தனை போன் கேமராக்கள்!

இதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. தனியாள் பெயரில் கொடுக்காமல், வேறுவேறு தெருக்களைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். தொடர்பு முகவரியாக ஒரு வக்கீல் அலுவலகத்தையோ சங்க அலுவலகத்தையோ தரலாம். வீட்டு முகவரியும் சொந்த எண்ணும் தேவைப்பட்டால் தனித்தாளில், மூடிய உறையில் கொடுத்து, "அடையாளத்தை வெளியிட்டால் உயிருக்கு ஆபத்து; கீழ் அலுவலகங்களுக்கு அனுப்பும்போது இத்தாளை நீக்கவும்" என்று மனுவிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி கசிவைத் தடுக்காமல் போகலாம். ஆனால் கசிந்த பின், எச்சரித்தும் அலட்சியம் செய்தார்கள் என்பதற்கு அது சான்று.

தகவல் உரிமை மனுவில், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்பு கொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரமும் தர வேண்டியதில்லை. இது 2005 சட்டத்தின் 6(2) பிரிவு. 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனுதாரர் தபால் பெட்டி எண்ணையே முகவரியாகத் தரலாம் என்று சொன்னது. மத்திய அரசும் அந்தத் தீர்ப்பைத் துறைகளுக்கு அனுப்பியது. அஞ்சலகத்தில் தபால் பெட்டி வாடகைக்கு எடுப்பது பெரிய செலவில்லை. ஆபத்தான விஷயங்களில் கேள்வி கேட்பவர்களுக்கு அது மிகவும் பயன்படும்.

மத்திய அரசுத் துறைகள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தொடர்பான ஊழல் என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அடையாளம் காக்கும் முறையில் புகார் அனுப்பலாம். தேசிய நெடுஞ்சாலைத் திட்ட முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை மறைக்கக் கேட்டும் அது வெளியான பின் 2003 நவம்பர் 27 அன்று கயாவில் கொல்லப்பட்டார் பொறியாளர் சத்யேந்திர துபே. அதையொட்டி 2004-இல் வந்த ஏற்பாடு இது. கடிதம் மூடிய உறையில் தபாலில் போக வேண்டும். இது பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று உறையின் மேல் எழுத வேண்டும். உறையின் மேல் அனுப்புநர் பெயர் இருக்கவே கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் மட்டும். அனுப்பிய பிறகு "என்ன ஆயிற்று" என்று நினைவூட்டல் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும், அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மாநில அரசு அலுவலகங்களுக்கு இந்த வழி கிடையாது. ஊழலை வெளிக்கொண்டுவருபவர்களைக் காக்கவென்றே நாடாளுமன்றம் இயற்றி 2014-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற சட்டம் ஒன்று இருக்கிறது. அது பல ஆண்டுகளாகியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இத்தனை பேர் செத்த பிறகும் அது கிடப்பில் இருப்பது மன்னிக்க முடியாத தாமதம்.

பதிவேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்த அன்றே எழுத வேண்டும். சம்பவம் என்றால் மிரட்டல் மட்டும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக நடக்கும் எதுவும். உதாரணத்துக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், இரவு 8.40. பஸ் ஸ்டாண்டு டீக்கடை. கறுப்பு பல்சர், பின்நம்பர் மண் பூசியிருந்தது. இரண்டு பேர், பின்னால் இருந்தவர் வலதுகையில் செம்புக் காப்பு. சொன்னது: 'கேஸ வாபஸ் வாங்கிரு, இல்லன்னா ரோட்ல கெடப்ப.' டீ மாஸ்டர் கேட்டார். போன வெள்ளி கனிமவளத் துறைக்கு மனு கொடுத்திருந்தேன். 8.55-க்கு வக்கீலுக்குப் போனில் சொன்னேன்."

சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுவது முக்கியம். "ஆபாசமாகத் திட்டி கொலை மிரட்டல் விடுத்தனர்" என்று நாமே சுருக்கினால், எல்லாப் புகாரிலும் இருக்கும் அச்சு வாசகமாகிவிடும், நீதிமன்றத்தில் எடுபடாது. பக்கம் முடிந்ததும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.

போனில் வந்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நிதானமாக "யார் பேசறது, எதைப் பத்திச் சொல்றீங்க?" என்று கேளுங்கள், பதிலுக்குத் திட்டாதீர்கள். அந்தத் திட்டும் பதிவாகும், நாளை அதை மட்டும் வெட்டி உங்கள் மேலேயே புகார் வரும். வாட்ஸ்அப் செய்தியானால் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு, உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். மூலம் உங்கள் போனிலேயே அழியாமல் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய போனை விற்றுவிட்டால், ரீசெட் செய்துவிட்டால் இந்தச் சான்றிதழ் சிக்கலாகிவிடும். மிரட்டல் வந்த போனைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றைப் பயன்படுத்துவது நல்லது.

காவல் நிலையத்தில்

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சட்டத்தின் 351-ஆம் பிரிவு குற்றம்சார் மிரட்டலைப் பற்றியது. சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. கொலை, கொடுங்காயம் போன்றவற்றைச் சொல்லி மிரட்டினால் 351(3)-இன் கீழ் 7 ஆண்டு வரை. பெயர் தெரியாமல் மறைந்திருந்து மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை.

நிலையத்தில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கையகலத் தாளில் நிலையத்தின் பெயர், வரிசை எண், தேதி, ஒரு கையெழுத்து. பலர் இதையே வழக்குப் பதிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சி.எஸ்.ஆர். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு, வழக்குப் பதிவு என்பது அதுதான். அதன் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை.

"வெறும் மிரட்டலுக்குக் கோர்ட் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது" என்று சொல்லப்பட்டால், உங்கள் புகாரைத் திரும்பப் படியுங்கள். வழிமறித்தார்களா? தொடர்ந்து பின்தொடர்ந்தார்களா? வீட்டுக்குள் நுழைந்தார்களா? வண்டியை உடைத்தார்களா? நடந்தது எல்லாவற்றையும் எழுதினீர்களா? ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அவற்றில் ஒன்றாவது போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடியதாக இருந்தால் முழு வழக்கையும் அப்படியே நடத்த வேண்டும் என்று, குற்ற விசாரணை முறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 174-ஆம் பிரிவு சொல்கிறது. பயத்தில் "மிரட்டினார்கள்" என்ற ஒற்றைச் சொல்லில் புகாரை முடித்துவிடுவதால்தான் பல வழக்குகள் ரசீதோடு நின்றுபோகின்றன. நடக்காததைச் சேர்க்கவும் கூடாது. ஒரு பொய், மொத்தப் புகாரையும் கவிழ்த்துவிடும்.

சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உள்ளூர் நிலையத்தில் எதிராளிக்குச் செல்வாக்கு இருந்தால் இது உதவும். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு, பிரமாணப் பத்திரத்தோடு. கண்காணிப்பாளருக்கு அனுப்பாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால் அந்த மனு நிற்காது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து மாதக்கணக்கை இழந்தவர்கள் ஏராளம்.

வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ இருந்தால் இன்னும் வலுவான பிடி இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, இடமாற்றம், பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. சிறப்பு நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம்

2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, சட்டம் வரும்வரை அதுவே நாடு முழுக்கச் சட்டம் என்றது. மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில் ஒரு குழு, அதில் மாவட்டக் காவல்துறைத் தலைவரும் அரசு வழக்கறிஞர் துறைத் தலைவரும் இருப்பார்கள். சாட்சியோ குடும்பத்தினரோ வக்கீலோ விண்ணப்பிக்கலாம். டி.எஸ்.பி. நிலை அதிகாரி ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்து ஐந்து வேலை நாளுக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்புக்கும் உத்தரவிடலாம். வீட்டில் கேமரா பொருத்துவது, ரோந்து, நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வது, போன் எண் மாற்றித் தருவது, தற்காலிக இடமாற்றம் வரை இதில் உண்டு.

இரண்டு இடத்தில் இது வழுக்கும். ஒன்று, திட்டம் சாட்சிகளுக்கானது. மனு மட்டும் கொடுத்து வழக்கு எதுவும் பதியப்படாத காப்பாளருக்கு இது நேரடியாகக் கிடைக்காது. பெரும்பாலும் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் பொருந்தும். கொலை மிரட்டலை 351(3)-இல் பதியச் சொல்லி வற்புறுத்த வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம், அப்போதுதான் திட்டத்துக்குள் வருவதாக வாதிட இடம் கிடைக்கும். இரண்டு, பாதுகாப்பு உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரைதான். முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே நீட்டிப்பு கேட்க வேண்டும். காலண்டரில் குறிக்காமல் விட்டு, காவலர் ஒருநாள் வராமல் போன பிறகுதான் பலருக்கு அது காலாவதியானது தெரிகிறது.

திட்டத்துக்குள் வராதவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ், பாதுகாப்பு தர அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனு இருக்கிறது, சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. பதிவேடும் தபால் ரசீதுகளும் இங்கேதான் பலன் தரும்.

துப்பாக்கிக் காவலர் கிடைத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். அவர் உங்கள் கூடவே இருப்பார். யாரைச் சந்திக்கிறீர்கள், எந்த சாட்சி வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதெல்லாம் துறைக்குத் தெரியும். நீங்கள் புகார் சொல்வதே காவல்துறை மேல் என்றால், உங்களிடம் பேச வருபவர்கள் நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் ரோந்து, கேமரா, துணைக்கு ஆள் என்று கேட்பதே மேல்.

ஆணையங்களும் வெளி உதவியும்

தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் காப்பாளர்களுக்கென்றே ஒரு தொடர்பு அதிகாரி 2010 முதல் இருக்கிறார். புகாருக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் எழுதலாம். நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுக்காது என்பதால், இரண்டு இடத்துக்கும் ஒரே புகாரை அனுப்பி இரண்டையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாநிலக் காவல்துறையே எதிர்த்தரப்பு என்றால் தேசிய ஆணையம் பொருத்தம். ஆணையத்தின் பலம் பரிந்துரைதான், ஆனால் அது அறிக்கை கேட்டதும் மாவட்ட அதிகாரிகளின் நடையில் ஒரு மாற்றம் தெரியும். மதுரையிலிருந்து இயங்கும் எச்.ஆர்.டி.ஏ. என்ற காப்பாளர் வலையமைப்பு இப்படிப்பட்ட புகார்களை எழுதி அனுப்ப உதவுகிறது.

ஐ.நா.வின் காப்பாளர்களுக்கான சிறப்பு அறிக்கையாளருக்கும் இணையம் வழியாக விவரம் அனுப்பலாம். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். பெயரை அரசிடம் சொல்லலாமா, வெளியிடலாமா என்று தனித்தனியாகக் கேட்பார்கள்; அதை யோசித்துப் பதில் சொல்லுங்கள். டப்ளினில் இயங்கும் ஃபிரண்ட் லைன் டிஃபென்டர்ஸ், கேமரா, பூட்டு, தற்காலிகத் தங்கல், மருத்துவம் போன்றவற்றுக்கு 7,500 யூரோ வரை பாதுகாப்பு நிதி தருகிறது. இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் பெறுவதற்குக் கடுமையான சட்டம் இருப்பதால் ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பாதுகாப்புக்கு வாங்கிய பணமே உங்கள் மேல் வழக்காகலாம்.

சர்வதேசக் கவனம் மட்டுமே கவசமாகிவிடாது. ஹோண்டுராஸில் அணைக்கு எதிராகப் போராடிய பெர்டா காசெரெஸ் 2015-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றவர். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 2009-லிருந்தே அவருக்குப் பாதுகாப்பு தர அரசுக்குச் சொல்லியிருந்தது. 2016 மார்ச் 2 இரவு வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், அப்போது வாசலில் காவல் இல்லை. உத்தரவு இருக்கிறதா என்பதோடு, இன்று ராத்திரி அது நடைமுறையில் இருக்கிறதா என்றும் யாராவது ஒருவர் தினமும் பார்க்க வேண்டும்.

அன்றாடம்

பாதுகாப்பில் பாதிக்கு மேல் காசு செலவில்லாத பழக்கங்கள்தான். புறப்படும்போது ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவது; சேர்ந்ததும் ஒரு செய்தி; சொன்ன நேரத்துக்கு அரை மணி கழித்தும் வரவில்லை என்றால் அவர் யாரை, எந்த வரிசையில் அழைக்க வேண்டும் என்பது முன்பே எழுதிய தாளில் இருப்பது. இந்தத் தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றால், எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் செய்து "உனக்குத் தெரியுமா" என்று கேட்டுக்கொண்டே முதல் ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிடுவார்கள். தொழுகை, கோயில், வாக்கிங், டீக்கடை என்று நேரம் தவறாத பழக்கங்களில்தான் ஆளைப் பிடிப்பார்கள். அவற்றை விட வேண்டாம், ஆனால் பாதையையும் நேரத்தையும் மாற்றுங்கள், துணையோடு போங்கள். ஆய்வுக்குப் போன நாள், தீர்ப்பு வரும் நாள், ஏலம் நடக்கும் நாள் ஆகியவற்றின் முன்பின் ஒரு வாரம் இருசக்கர வாகனத்தில் இருட்டிய பிறகு தனியே போவதைத் தவிருங்கள். 112-ஐயும் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியையும் வீட்டார் போனிலும் போட்டு வையுங்கள்.

போனில் ஆறிலக்க எண்ணாவது பூட்டாக இருக்கட்டும். விரல்ரேகையை ஒருவர் உங்கள் கையைப் பிடித்தே திறந்துவிடலாம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். சாட்சிகளின் பெயர்களை சிக்னல் என்ற செய்திச் செயலியில், தானே அழியும் செய்தியாகப் பேசுங்கள். மிரட்டல் வந்த உரையாடலில் மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் சான்றும் சேர்ந்து அழியும். 2021-இல் பெகாசஸ் என்ற, போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் மென்பொருள் விவகாரம் வெளியானபோது நம் நாட்டுச் செயற்பாட்டாளர்கள், பத்திரிகையாளர்களின் எண்களும் அதில் பேசப்பட்டன. அந்த அளவு குறிவைக்கப்படலாம் என்று கருதுபவர்கள் ஐபோனில், இப்படிப்பட்ட ஊடுருவலைக் கடினமாக்கும் லாக்டவுன் மோடு போடலாம். சந்தேகம் வந்தால் ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் உதவி மையம் 24 மணி நேரமும் இலவசமாகப் பார்த்துச் சொல்லும்.

பெண் காப்பாளர்களுக்கு மிரட்டல் வேறு வடிவத்தில் வரும். மார்பிங் செய்த படம், நடத்தையைப் பற்றி ஊரில் பரப்பும் பேச்சு, கணவர் வீட்டாருக்குப் போகும் அநாமதேயக் கடிதம். இதைத் "தனிப்பட்ட விவகாரம்" என்று அமைப்புகளே ஒதுக்கிவிடுவது பெரிய அநியாயம். இதுவும் வேலையை நிறுத்தச் செய்யும் தாக்குதல்தான், பதிவேட்டில் அதே வரிசையில் ஏற வேண்டும். பின்தொடர்தல் பாரதிய நியாய சட்டத்தின் 78-ஆம் பிரிவின் கீழ் போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம். ஆபாசப் படங்களுக்கு மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். 1930 என்ற எண் பண மோசடிக்கானது, அதில் நேரம் கழிக்க வேண்டாம்.

குடும்பத்திடம் எதையும் சொல்லாமல் மறைப்பவர்கள் நல்ல மனதோடுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வாசலில் வந்து விசாரிப்பவருக்குப் பதில் சொல்லப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான். "அவர் எங்கே" என்று யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்பது மனைவிக்கோ கணவருக்கோ, வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பிள்ளைக்கோ தெரிந்திருக்க வேண்டும்.

நிலைமை கைமீறினால் கொஞ்ச நாள் ஊரை விட்டு விலகியிருப்பதில் தோல்வி எதுவும் இல்லை. இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை என்று முதலிலேயே காலம் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் வீடு எதிராளிக்கு எளிதாகத் தெரியும். அவருக்குத் தொடர்பில்லாத மாவட்டத்தில் ஒரு இடம் பாருங்கள். பழைய சிம்மை அங்கே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வழக்கு வாய்தாவுக்கு யார் நிற்பது, ரேஷன், பள்ளிக் கட்டணம், ஆடுமாடுகளை யார் பார்ப்பது என்பதைப் புறப்படும் முன் முடிவு செய்யாமல் விட்டால், பத்தாவது நாளே திரும்பி வர வேண்டியிருக்கும். எது நடந்தால் திரும்பலாம் என்பதையும் போகும்போதே எழுதி வைக்க வேண்டும்: எஃப்.ஐ.ஆர். பதிவானால், இன்னார் கைதானால், பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்தால். திரும்பும் நாளில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப் போவதும், நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பதும், அடுத்த இரண்டு வாரம் பதிவேட்டை முன்னைக் காட்டிலும் நுணுக்கமாக எழுதுவதும் அந்தத் திட்டத்தின் பகுதிகளே.